கடலூர், புதுவை பக்கம் வெளிநாட்டு வீடியோ கேம்: எது ஒட்டியது, எது ஒட்டவில்லை?

கெடிலக்கரையான் (கடலூர்)
ஞாயிறு, காலை 10:12

மஞ்சக்குப்பத்தில் 2004 முதல் 2011 வரை ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு சிஸ்டம். பகலில் ரிசல்ட் பார்க்கவும் விண்ணப்பம் போடவும் ஆள் வரும். நாலரைக்குப் பள்ளி விட்டதும் பையன்கள் வந்துவிடுவார்கள், அப்புறம் ராத்திரி வரை கேம்தான். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரையும் போய், சிஸ்டமும் நனைந்து, கடையை மூடினேன்.

அந்த ஏழு வருடத்தில் நான் பார்த்த ஒரு விஷயம் இன்றைக்கும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. முஸ்தபா, ரோட் ராஷ், ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக், கிரிக்கெட் 07. இவற்றில் ஒன்றுகூட நம்மை மனதில் வைத்துச் செய்தது கிடையாது. ஆனால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து வரிசையில் நின்று ஆடினார்கள்.

முஸ்தபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த கேமுக்கு அது பெயரே இல்லை. 1993-ல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் அது, ஒரு அமெரிக்கக் காமிக்ஸை வைத்து எடுத்தது. நாலு பேரில் ஒருவனுடைய பெயர் முஸ்தபா. நாலில் வேகமானவன் அவன்தான். அந்த ஒரு பெயர் நம் வாய்க்குப் பழகிய பெயர், அதனால் கேமுக்கே அதுதான் பெயர் என்று ஆகிவிட்டது. கேடிலாக் என்றால் கார் என்று என் கடையில் ஒரு பையனுக்கும் தெரியாது.

கிரிக்கெட் 07-ல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுக்குத்தான் உரிமம். நம் ஆட்களின் பெயர் எல்லாம் மாற்றுப் பெயராக வரும். பையன்கள் அதைச் சகித்துக்கொள்ளவில்லை. யாரோ எங்கோ செய்த பேட்சை, அதாவது கேமைத் திருத்தும் கோப்பை, சிடியில் ஏற்றிக்கொண்டு வந்து பெயரைத் திருத்தினார்கள். 2008-ல் ஐ.பி.எல். வந்த பிறகு சென்னையின் மஞ்சள் சட்டையும் அதே மாதிரி வந்துவிட்டது.

ஒட்டாதது என்றால், நிறைய வாசிக்க வேண்டிய கேம்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு ஜப்பானியக் கதை கேமை எட்டு சிஸ்டத்திலும் போட்டு வைத்தேன். ஒருவரும் தொடவில்லை.

இப்போது என் மகன் பத்தாவது படிக்கிறான். பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஆடிக்கொண்டே, “அப்பா, இது நம்ம நாட்டு கேம்” என்கிறான். பெயரில் இந்தியா இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது கொரியாவின் கிராஃப்டன் செய்தது. எது ஒரு கேமை நம்முடையதாக ஆக்குகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு நேசன் (புதுச்சேரி)
ஞாயிறு, காலை 11:40

அண்ணா, நல்ல கேள்வி. எங்கள் கதை கொஞ்சம் வேறு. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பெரிய மாமா பிரான்ஸில் செட்டில் ஆனவர். 1999-ல் லீவுக்கு வந்தபோது ஒரு ப்ளேஸ்டேஷன் கொண்டு வந்தார். எல்லா டிஸ்க்கும் பிரெஞ்சு. பள்ளியில் நான் படித்தது தமிழ், ஆங்கிலம். “அப்யூயே” என்றால் பட்டனை அழுத்து, “சோவ்கார்தே” என்றால் சேமி, இவ்வளவையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெட்டிதான். திரையில் “வீ” என்று போட்டுப் பக்கத்தில் 3 இருக்கும். பிரெஞ்சில் உயிர் என்று அர்த்தம். எங்கள் தெருவில் இன்றும் என் வயசுக்காரர்கள் கேரம் ஆடும்போதுகூட “எனக்கு இன்னொரு வீ இருக்குடா” என்பார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். சென்னை பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பானிய டிஸ்க்கைப் போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். வட்டம் அழுத்தினால் சரி, பெருக்கல் குறி அழுத்தினால் வேண்டாம். மாமா கொண்டு வந்ததில் பெருக்கல் குறிதான் சரி. நான் டிஸ்க்கில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஜப்பானில் வாத்தியார் சரியான விடைக்கு வட்டம் போடுவார் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நம் ஊரிலும் பெருக்கல் போட்டால் தப்பு என்றுதானே அர்த்தம்? யோசித்தால் ஜப்பான்காரர்களின் கணக்குத்தான் நமக்குப் பக்கம். 2020-ல் ப்ளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானிலும் பெருக்கல் குறியையே சரி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது.

ஓ.டி. பையன் (கடலூர் முதுநகர்)
ஞாயிறு, மதியம் 1:05

கெடிலக்கரை அண்ணே, உங்க பையன் சொல்றதில் தப்பே இல்லை. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை ஆனது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பாக பி.ஜி.எம்.ஐ. வந்தது. 2022 ஜூலையில் அதையும் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள், 2023 மே மாதம்தான் திரும்ப வந்தது. அந்தப் பத்து மாதமும் நாங்கள் காத்திருந்தோம்.

மாற்றியது என்ன என்றால், ரத்தம் பச்சையாக வரும். இது நிஜ உலகம் இல்லை என்று ஒரு குரல் சொல்லும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நேரக் கட்டுப்பாடு. அது எதுவும் எங்களை ஈர்க்கவில்லை. ராத்திரி துறைமுகத்தில் ஐஸ் வேலை முடித்துவிட்டு என் சித்தப்பா பையன் வருவான், நாலு பேர் ஸ்குவாட் சேர்வோம், “டேய் நாக் ஆயிட்டேன், தூக்கி விடுடா” என்று கத்துவோம். அந்தக் கத்தல் தமிழில்தான் இருக்கும். அப்ப அது எங்க கேம்தானே?

அப்புறம் ஃப்ரீ ஃபயரையும் சேருங்கள். குறைந்த விலை போனிலும் ஓடியது. எங்கள் தெருவில் பப்ஜி ஆட முடியாதவர்களுக்கு அதுதான்.

மொழிச்சோதகி (புதுச்சேரி, லாஸ்பேட்டை)
ஞாயிறு, மாலை 4:30

நான் கேம்களின் மொழிபெயர்ப்பைச் சோதிக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். வேலை செய்த இடத்தின் பெயர் வேண்டாம்.

தம்பி சொன்ன பச்சை ரத்தம் நமக்காகப் பிறந்த யோசனை இல்லை. ஜெர்மனியில் இருபது வருடம் முன்பே இதைத்தான் செய்தார்கள். 1998-ல் வந்த ஹாஃப் லைஃபின் ஜெர்மன் பதிப்பில் சிப்பாய்கள் எல்லாம் ரோபோ. ஒரு நாட்டின் சட்டத்துக்கோ பயத்துக்கோ ஏற்றபடி எடுத்துவிடுவது, மூடிவிடுவது, நிறம் மாற்றுவது. கம்பெனிகளுக்குத் தெரிந்த வழி பெரும்பாலும் இதுதான்.

ஃபால்அவுட் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அணுகுண்டு விழுந்த அமெரிக்காவில் இரண்டு தலை மாடுகள் திரியும், அவற்றுக்குப் பெயர் பிராமின். 2008 அக்டோபரில் கலாசார உணர்வுகளைக் காரணம் காட்டி மைக்ரோசாஃப்ட் அதன் எக்ஸ்பாக்ஸ் பதிப்பை இந்தியாவில் வெளியிடவே இல்லை. எது புண்படுத்தும் என்றுகூட விளக்கமாகச் சொல்லவில்லை, மாடுதான் காரணம் என்று எல்லோரும் ஊகித்துக்கொண்டோம். அதே கேம் ஜப்பானுக்குப் போனது. அங்கே ஒரு ஊரை அணுகுண்டு வைத்து அழிக்கும் வாய்ப்பை நீக்கினார்கள். நாகசாகியில் விழுந்த குண்டின் பெயரான ஃபேட் மேன் என்ற ஆயுதத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள். ஜப்பானில் செய்தது எனக்குப் புரிகிறது. யாருக்கு எது வலிக்கும் என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நமக்குக் கதவையே சாத்திவிட்டார்கள். இரண்டையும் கலாசார மரியாதை என்று ஒரே பெயரில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கெடிலக்கரையான்
ஞாயிறு, மாலை 6:15

அம்மா, ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். எடுத்துவிடுவது எப்போதும் பயத்தால் நடப்பது இல்லை. 2002-ல் ஹிட்மேன் 2 வந்தபோது, அதில் சீக்கியர்களின் புனித இடத்தைப் போன்ற கோயிலுக்குள் ஆட்களைக் கொல்ல வேண்டியிருந்தது. சீக்கியர்கள் எதிர்த்தார்கள், பிறகு மாற்றினார்கள். என் கடைக்கு எதிரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர் ஒரு சர்தார். அவர் என் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே பையன்கள் ஆடுவதைப் பார்ப்பார். அந்தக் கட்டத்தை அவர் முன்னால் ஓட விட எனக்கு மனம் வராது.

2008-ல் லிட்டில் பிக் ப்ளானெட்டின் டிஸ்க்குகளை உலகம் முழுக்கத் திரும்ப எடுத்தார்கள், ஒரு பாட்டில் குர்ஆன் வரிகள் இருந்ததற்காக. அந்தப் பாட்டு மாலி நாட்டு முஸ்லிம் இசைக்கலைஞர் ஒருவருடையது. அவர் நாட்டில் அது பக்திதான். ஆனால் கேமில் துள்ளிக் குதிக்கும்போது பின்னணியில் ஓடினால் வேறு சிலருக்கு அவமரியாதை. இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, இதற்கு எனக்கு விடை கிடையாது.

மொழிச்சோதகி
ஞாயிறு, மாலை 6:50

ஒத்துக்கொள்கிறேன் சார். நான் சொல்ல வந்தது, கேட்டுவிட்டு எடுப்பது வேறு, கேட்காமல் எடுப்பது வேறு.

உப்பனாறு (கடலூர், தற்போது ஓசூர்)
ஞாயிறு, இரவு 9:20

சேர்த்த கதை ஒன்று சொல்கிறேன்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, பழங்கால நாடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஊர் கட்டிப் போர் செய்யும் கேம். அதை நான் பன்னிரண்டு வயதிலிருந்து ஆடுகிறேன். 2013-ல் இந்தியர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்தார்கள். வடக்கும் தெற்கும் ஒரே மூட்டை, பேச்சு இந்தி. ஆடினேன், ஆனால் ஒட்டவில்லை. 2022 ஏப்ரலில் அந்த மூட்டையைப் பிரித்தார்கள். திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் என்று புதிதாக மூன்று. திராவிடரைத் தேர்ந்தெடுத்து ஒரு குடியானவனைக் கிளிக் செய்தேன். தமிழில் பதில் சொன்னான். ஹெட்செட்டைக் கழற்றி, ஸ்பீக்கரில் போட்டு, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

குரலோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். விதிகளைப் பாருங்கள். திராவிட மீனவர்கள் மற்றவர்களைவிட ஒரு நடைக்கு 15 கூடுதல் மீன் சுமப்பார்கள். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் கிடைக்கும், அதாவது படகு கட்டலாம். சிறப்புப் படையாக உருமி எனும் சுருள்வாள் வீசும் வீரன், கப்பலாகத் திரிசடை. ராஜேந்திர சோழனுக்குத் தனிப் போர்த்தொடரே இருக்கிறது. குதிரையில் பலவீனம், நைட் எனப்படும் கனத்த குதிரைப்படை கிடையவே கிடையாது. முதலில் சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் சோழர்களும் பாண்டியர்களும் குதிரையை அரபு நாட்டிலிருந்து கப்பலில் இறக்கித்தான் வாங்கினார்கள். நம் தட்பவெப்பத்துக்கு நல்ல குதிரை வளர்ப்பது கடினம். அந்தக் குறையை வைத்தவர் வரலாறு படித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. புகழ்ச்சியைவிட அது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7-லும் சோழர் இருக்கிறார்கள். அதில் கட்டடங்களின் பெயர் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். கல்வெட்டில் வரும் வணிகக் குழுக்கள். நான் பள்ளியில் படித்தபோது இந்தப் பெயர்களை ஒரு வரியில் தாண்டிப் போனார்கள்.

நெல்லித்தோப்பு நேசன்
ஞாயிறு, இரவு 10:02

உப்பனாறு, இதைப் படிக்கும்போது எனக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் தால்சிம் ஞாபகம் வருகிறான். 1991. இந்தியன் என்றால் கழுத்தில் மண்டையோடு, வாயில் நெருப்பு, ரப்பர் மாதிரி நீளும் கை. சின்ன வயசில் நம் ஆள் ஒருவன் இருக்கிறான் என்ற சந்தோஷத்தில் அவனைத்தான் எடுப்பேன். இப்போது பார்த்தால் அதில் நம் ஊர் ஆள் யாருமே தெரியவில்லை. அங்கிருந்து மீனவனுக்கு 15 மீன் வரை வந்திருக்கிறோம்.

சுண்ணாம்பாறு (அரியாங்குப்பம்)
திங்கள், காலை 7:45

எல்லோரும் அங்கிருந்து இங்கே வந்ததைப் பேசுகிறீர்கள். இங்கிருந்து போய்த் திரும்பியதும் ஒன்று இருக்கிறது. நம் நாட்டுப் பழைய பகடை ஆட்டமான பச்சீசி இங்கிலாந்துக்குப் போய் 1896-ல் லூடோ ஆனது. 2016-ல் மும்பைக்காரர் ஒருவர் அதை லூடோ கிங் என்று போனில் கொண்டு வந்தார். 2020 ஊரடங்கில் எங்கள் வீட்டில் எல்லாப் போனிலும் அதுதான்.

என் பாட்டிக்கு அப்போது எண்பத்திரண்டு. தாயத்தில் அவரை யாரும் ஜெயித்தது கிடையாது. போனைக் கையில் கொடுத்தேன். உருட்டினார். ஒன்று விழுந்தது. காய் அசையவில்லை. திரும்ப உருட்டினார், மறுபடியும் ஒன்று. “தாயம் போட்டும் காய் இறங்கலையேடி, இது என்ன ஆட்டம்?” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லூடோவில் ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும். நம் தாயத்தில் ஒன்றுதான் தாயம். ஊரைச் சுற்றி வந்ததில் அந்த ஒரு விதி மாறிவிட்டது. எனக்கு இதை எப்படி அவருக்கு விளக்குவது என்றே தெரியவில்லை. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டோம்.

ஓ.டி. பையன்
திங்கள், மதியம் 12:30

பாட்டி சரிதான் அக்கா.

ஒரு சந்தேகம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் குரல் தமிழ் என்கிறார் உப்பனாறு அண்ணன். ஆனால் பெரிய கேம்களில் மெனு, கதை, எழுத்து எல்லாம் தமிழில் ஏன் வருவதில்லை? எட்டுக் கோடிப் பேர் பேசுகிறோம்.

மொழிச்சோதகி
திங்கள், இரவு 8:40

தம்பி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

காசுதான் முதல் காரணம். போனில் இலவசமாக ஆடுவோர் அதிகம், வாங்குவோர் குறைவு, வாங்குவோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்று கணக்குப் போடுகிறார்கள். அதை விட்டுவிடுகிறேன். நான் கையால் தொட்ட பிரச்சினைகள் இரண்டு.

ஒன்று, எழுத்து. “கெ” என்று எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் கம்ப்யூட்டரில் சேமிக்கும் வரிசையில் அது பின்னால் இருக்கும். “கொ” என்றால் குறி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நிற்கும். இதைச் சரியாக அடுக்க ஒரு தனி வேலை நடக்க வேண்டும். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் எழுத்தைக் காட்ட அதிகம் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அந்த வேலையைச் செய்யாது. கொம்பு எல்லாம் இடம் மாறி நிற்கும். ஒரு வாரம் தமிழ்ப் பதிப்பு ஒன்றைச் சோதித்தேன், அதில் ஒரு திரைகூட ஒழுங்காக இல்லை. கடைசியில் பழைய பாமினி எழுத்துரு வழியில், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கி ஒப்பேற்றினோம். 2023-ல் வந்த கோடோ 4 என்ற இன்னொரு கேம் மென்பொருள் இதைத் தானே சரியாகச் செய்கிறது. அதனால் சின்னக் குழுக்களுக்கு இப்போது வழி இருக்கிறது.

இரண்டாவது, வாக்கியம். ஒருவர் இன்னொருவரை வீழ்த்தியதும் திரையில் வரும் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு பெயர், நடுவில் ஒரு வினைச்சொல், முடிந்தது. எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். தமிழில் வேற்றுமை உருபு சேர வேண்டும். குமார் என்றால் குமாரை, ராஜா என்றால் ராஜாவை, முருகன் என்றால் முருகனை. ஆடுகிறவர் பெயரோ நட்சத்திரமும் எண்ணுமாக ஏதோ ஒன்று. அதன் வாலில் ஐ எப்படி ஒட்டுவது? வினைமுற்றில் வீழ்த்தினான், வீழ்த்தினாள், வீழ்த்தினார் என்று மூன்று. ஆடுகிறவர் ஆணா பெண்ணா என்று கேமுக்குத் தெரியாது. நான் எழுதியது “வீழ்ந்தவர்: ராஜா” என்று. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ரேஷன் கடைப் பலகை மாதிரி இருக்கிறது.

இதைவிடக் கடினம், நீயா நீங்களா என்பது. ஒரு கிழவி வந்து கதாநாயகனிடம் உதவி கேட்கிறாள். “தம்பி, கொஞ்சம் நில்லுப்பா” என்பாளா, “ஐயா, நில்லுங்க” என்பாளா? அவள் யார், அவன் யார், ஊர் எது என்று தெரியாமல் தமிழில் ஒரு வரிகூட எழுத முடியாது. மூலத்தில் அந்தத் தகவலே இருக்காது. எனக்கு வந்தது வெறும் வரிகள் அடுக்கிய ஒரு அட்டவணை. யார் பேசுகிறார் என்று கேட்டு மெயில் போட்டால் பதில் வர மூன்று நாள். அதற்குள் கெடு முடிந்துவிடும்.

நெல்லித்தோப்பு நேசன்
திங்கள், இரவு 9:55

அக்கா, நீங்கள் சொன்ன நீ, நீங்கள் சிக்கல் பிரெஞ்சிலும் உண்டு. அவர்கள் ட்யூ, வூ என்று சமாளிக்கிறார்கள். செய்ய ஆள் வைத்தால் நடக்கும்.

பாரிஸில் இருக்கும் என் தங்கை வெண்பா ஆடினாள். 2023-ல் டொரொன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. 1988-ல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், சமையல்தான் ஆட்டம். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகூட வாங்கியது. இட்லிப் பானைக்குள் தட்டுகளை அடுக்கும்போது ஒரு குழிக்கு நேர் மேலே இன்னொரு குழி வராமல் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆவி போகாது. அதுதான் புதிர். தங்கைக்கு அது புதிராகவே படவில்லையாம், கை தானாகத் திருப்பிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் பிரெஞ்சுக் கணவருக்கு மூன்று தடவை தப்பியது. கேமில் முதல் முறையாக அவர் அவளிடம் கேட்டு ஆடினார் என்றாள். அவர்கள் வீட்டில் அதற்கு முன் எப்போதும் அவர்தான் சொல்லிக்கொடுப்பார்.

கெடிலக்கரையான்
செவ்வாய், காலை 6:30

ராத்திரி முழுக்க இந்த இழையைத்தான் படித்தேன். என் கேள்விக்கு எனக்கு ஒரு விடை தோன்றுகிறது. என் கடைப் பையன்களுக்கு யாரும் எதையும் மாற்றித் தரவில்லை. அவர்களே பெயர் வைத்தார்கள், பேட்ச் போட்டார்கள், வார்த்தை உண்டாக்கினார்கள். அதற்கு இடம் கொடுத்த கேம் ஒட்டியது. நான் போட்டு வைத்த அந்தக் கதை கேம் அப்படி இடம் கொடுக்கவில்லை, அதன் வார்த்தைகளை வாசித்தே ஆக வேண்டும். அதைத் தமிழில் யாராவது கொடுத்திருந்தால் அதுவும் ஒட்டியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். எட்டு சிஸ்டத்தில் போட்டு வைத்துவிட்டு, பையன்களுக்கு ரசனை இல்லை என்று அன்றைக்கு நான் முடிவு செய்தது தப்பு.

மொழிச்சோதகி அம்மா, ஒரு விருப்பம். உங்களிடம் வார்த்தைப் பட்டியல் இருந்தால் இங்கே போடுங்கள்.

மொழிச்சோதகி
செவ்வாய், காலை 9:10

சார், நீங்கள்தான் போட வேண்டும். என் பட்டியலில் லைஃப் என்பதற்கு “உயிர்”, கன்டின்யூ என்பதற்கு “தொடர்க”, ரீஸ்பான் என்பதற்கு “மீளுருவாக்கம்” என்று இருக்கிறது. அகராதியைப் பார்த்து எழுதினேன். கடையில் பையன்கள் என்ன சொன்னார்கள்?

கெடிலக்கரையான்
செவ்வாய், காலை 9:45

ஞாபகம் உள்ளவரை சொல்கிறேன். லைஃப் என்றால் “உசுரு”. “ஒரு உசுரு எனக்கு, ஒரு உசுரு உனக்கு” என்று பேசிவைத்துத்தான் உட்காருவார்கள். கடைசியில் வரும் பெரிய வில்லன் “மெயின் ஆளு”. ஐ.ஜி.ஐ.யில் நடுவில் சேமிக்க முடியாது, செத்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்கு “கோட்டையப் புடி” என்பார்கள், ஏன் என்று தெரியாது. கன்டின்யூவுக்கு “வுட்ட எடம்”. செத்தவன் திரும்ப வந்தால் “முளைச்சிட்டான்”.

ஓ.டி. பையன்
செவ்வாய், காலை 9:58

முளைச்சிட்டான் என்று நாங்களும் சொல்கிறோம் அண்ணே. ஆனால் முதுநகர் பக்கம் அது எதிரிக்கு மட்டும்தான். நம்ம ஆள் திரும்ப வந்தால் “கரை ஏறிட்டான்”.

மொழிச்சோதகி
செவ்வாய், காலை 10:03

இரண்டையும் எழுதிக்கொண்டேன். எதிரிக்கு ஒன்று, நம்மவனுக்கு ஒன்று என்று கேம் பிரித்துக் காட்ட வேண்டும், அது செய்யக்கூடியதுதான். இன்னும் இருந்தால் சொல்லுங்கள் தம்பி.